துருப்பிடித்த காரும் ஒரு பில் காகிதமும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பெரியம்மாவிடமிருந்து போன் வந்தது.

"நீதான் பி.காம் படிக்கிறியே, உங்க அண்ணனுக்குக் கொஞ்சம் புத்தி சொல்லுடா. பதினெட்டாயிரம் டாலர் குடுத்து துருப்பிடிச்ச கார் ஒண்ணு வாங்கப் போறானாம். ஓடக்கூட ஓடாதாம்!"

அண்ணன் என்றால் பெரியம்மா மகன். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் வேலை பார்க்கிறான். பெரியம்மா வீட்டு மாடியைக் கட்டி முடிக்க அவன் சேர்த்து வைத்திருந்த பணம்தான் அந்தப் பதினெட்டாயிரம். நம்மூர்க் கணக்கில் பதினைந்து லட்சத்துக்கும் மேல். பெரியம்மாவின் கோபம் நியாயமானதுதான்.

அன்று இரவே அண்ணனிடம் பேசினேன். "டேய், அது சாதாரண கார் இல்ல. 1965 ஜி.டி.ஓ.!" என்றான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கார் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் எங்கள் தெருமுனையில் நிற்கும் அம்பாசடரோடு சரி. ஆனால் புத்தி சொல்வதாக பெரியம்மாவிடம் ஒப்புக்கொண்டுவிட்டேனே! விஷயம் தெரியாமல் எப்படிப் புத்தி சொல்வது? எனவே இரண்டு வாரம் உட்கார்ந்து படித்தேன். காஸ்ட் அக்கவுன்டிங் பாடத்துக்கு இப்படிப் படித்திருந்தால் எங்கேயோ போயிருப்பேன் :-)

படித்ததில் கிடைத்தது ஒரு நல்ல கதை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். கார் வாங்கலாமா வேண்டாமா என்ற பதிலும் அந்தக் கதைக்குள்ளேயேதான் இருக்கிறது.

மசில் கார் என்றால் என்ன?

'மசில்' என்றால் தசை. நடுத்தர அளவுள்ள, விலை அதிகமில்லாத ஒரு சாதாரணக் காரில், பெரிய காருக்கான ராட்சச எஞ்சினைத் தூக்கி வைத்தால் அதுதான் மசில் கார். வளைவில் அழகாகத் திரும்பவோ, பெட்ரோலை மிச்சப்படுத்தவோ அதற்குத் தெரியாது. நேர்ச்சாலையில் சிக்னல் விழுந்ததும் பாய வேண்டும், அவ்வளவுதான்.

அளவு புரிய வேண்டுமென்றால், நம் பழைய அம்பாசடரின் எஞ்சின் 1489 சிசி. ஜி.டி.ஓ.வின் எஞ்சின் 389 கன அங்குலம், அதாவது ஏறக்குறைய 6400 சிசி. நான்கு அம்பாசடர் எஞ்சின்களை ஒன்றாகச் சேர்த்தாலும் அதன் அளவு வராது.

பெரிய எஞ்சினைப் போடும் யோசனை 1964இல் முளைத்ததல்ல. 1949இலேயே ஓல்ட்ஸ்மொபில் நிறுவனம் தன் 'ராக்கெட் 88' காரில் அதைச் செய்தது. 1955இல் கிரைஸ்லர் நிறுவனம் 300 குதிரைத்திறன் கொண்ட காரை விற்றது. ஆனால் அந்தக் கிரைஸ்லரை வாங்கக் கையில் நல்ல பணம் வேண்டும். கல்லூரிப் பையனும் தவணை கட்டி வாங்கக்கூடிய விலைக்கு அந்த வேகத்தைக் கொண்டுவந்ததுதான் ஜி.டி.ஓ.வின் சாதனை. 'முதல் மசில் கார்' என்று பலரும் அதைச் சொல்வதற்குக் காரணம் இதுவே.

ஒரு விதி, ஒரு ஓட்டை

பான்டியாக் என்பது ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஒரு பிரிவு. 1950களின் பிற்பகுதியிலிருந்து பந்தயங்களில் ஜெயித்து ஜெயித்துத்தான் அந்தப் பிரிவு இளைஞர்களிடம் பெயர் வாங்கியிருந்தது. 1963 ஜனவரியில் தலைமையிலிருந்து உத்தரவு வந்தது. இனி எந்தப் பிரிவும் கார் பந்தயத்தில் ஈடுபடக் கூடாது!

பான்டியாக்காரர்களுக்குத் தலையில் இடி. பந்தயம் இல்லையென்றால் விளம்பரம் எப்படிச் செய்வது? பிரிவின் தலைமைப் பொறியாளராக இருந்தவர் ஜான் டெலோரியன் (பின்னாளில் தன் பெயரிலேயே கார் கம்பெனி தொடங்கி நொடித்துப் போனாரே, அவரேதான்). அவரும் பில் காலின்ஸ், ரஸ்ஸல் ஜீ என்ற பொறியாளர்களும் ஒரு புதிய நடுத்தரக் காரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு விஷயம் பிடிபட்டது. அந்தக் காரில் போடும் 326 கன அங்குல எஞ்சினும், பெரிய கார்களில் போடும் 389 கன அங்குல எஞ்சினும் வெளி அளவில் ஒன்றே. ஒன்றை இறக்கிவிட்டு மற்றதை அப்படியே உட்கார வைத்துவிடலாம்.

இந்த வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அண்ணன் கதையில் இது திரும்ப வரும்.

ஆனால் இன்னொரு விதி குறுக்கே நின்றது. நடுத்தரக் காரில் 330 கன அங்குலத்துக்கு மேல் எஞ்சின் போடக் கூடாது என்பது ஜெனரல் மோட்டார்ஸின் கொள்கை. புதிய மாடல் என்று சொன்னால் தலைமையின் அனுமதி வேண்டும், அனுமதி கிடைக்காது. ஆனால் ஏற்கெனவே இருக்கும் மாடலுக்கு 'கூடுதல் வசதி' என்று எதையாவது விற்றால்? அதற்கு மேலிடத்து அனுமதி தேவையில்லை!

எனவே ஜி.டி.ஓ. ஒரு மாடலாகப் பிறக்கவில்லை. 'டெம்பெஸ்ட் லெமான்ஸ்' என்ற காருக்கு 296 டாலர் கூடுதல் கொடுத்தால் கிடைக்கும் ஒரு வசதித் தொகுப்பாகப் பிறந்தது. பிரிவின் தலைவர் பீட் எஸ்டெஸ் துணிந்து சம்மதித்தார். விற்பனை மேலாளர் ஃப்ராங்க் பிரிட்ஜுக்கு நம்பிக்கையில்லை. 5,000 காருக்கு மேல் வேண்டாம் என்று முதலில் எல்லை கட்டினார். அந்த 1964 மாடல் ஆண்டில் விற்றது 32,450 கார்கள். லாபம் வந்த பிறகு எந்த மேலிடம் விதியைப் பற்றிக் கேட்கும்?

பெயரிலும் ஒரு குறும்பு உண்டு. ஜி.டி.ஓ. என்பது ஃபெராரி காரிடமிருந்து எடுத்த பெயர். இத்தாலிய மொழியில் 'பந்தயத்துக்குத் தகுதி பெற்ற கார்' என்ற பொருள் வரும். பந்தயமே கூடாது என்ற கம்பெனி தன் காருக்கு வைத்த பெயர் இது!

முதல் போலி

1964 மார்ச் மாதம் 'கார் அண்ட் டிரைவர்' பத்திரிகையின் அட்டையில் பான்டியாக் ஜி.டி.ஓ.வும் ஃபெராரி ஜி.டி.ஓ.வும் மோதுவது போல ஒரு படம் வந்தது. படம் என்றால் ஓவியம். உண்மையில் இரண்டு கார்களும் மோதவே இல்லை. ஆனால் பான்டியாக்கை ஓட்டிப் பார்த்துக் கொடுத்த கணக்கு அசர வைத்தது. நின்ற நிலையிலிருந்து 60 மைல் வேகத்தை எட்ட 4.6 விநாடி. கடையில் வாங்கும் சாதாரணக் காருக்கு அன்று அது நம்ப முடியாத வேகம்.

நம்பவும் கூடாது! பத்திரிகைக்குக் கொடுத்த காருக்குள் இருந்தது 389 அல்ல, அதைவிடப் பெரிய 421 கன அங்குல எஞ்சின். பான்டியாக்கின் விளம்பரத்தைக் கவனித்துக்கொண்ட ஜிம் வாங்கர்ஸ் பல பத்தாண்டுகள் கழித்து இதை ஒப்புக்கொண்டார். 326, 389 எஞ்சின்களைப் போலவே 421ம் வெளிப் பார்வைக்கு ஒன்றுதான். யாரும் கண்டுபிடிக்கவில்லை.

ஆக, உலகின் முதல் போலி ஜி.டி.ஓ.வைச் செய்தது பான்டியாக் கம்பெனியேதான் என்று சொன்னால் தப்பில்லை.

ஏறியதும் இறங்கியதும்

அந்தக் காலத்தை நினைத்துப் பாருங்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்து 1946இலிருந்து அமெரிக்காவில் குழந்தைகள் ஏராளமாகப் பிறந்தன. 1964இல் அந்த முதல் கூட்டத்துக்கு வயது 18. கையில் வேலை, வேலையில் சம்பளம், பெட்ரோலோ தண்ணீர் மாதிரி மலிவு. அதே ஆண்டு ஏப்ரலில் வந்த ஃபோர்டு மஸ்டாங் முதல் ஓராண்டில் 4 லட்சத்துக்கும் மேல் விற்றது. ஜி.டி.ஓ. பற்றி ஒரு பாட்டே வந்து அமெரிக்கத் தரவரிசையில் 4ஆம் இடம் வரை போனது.

ஜி.டி.ஓ. 1965இல் 75,352, 1966இல் 96,946. அந்த 1966இல்தான் அது 'கூடுதல் வசதி' நிலையிலிருந்து தனி மாடலாக உயர்ந்தது. மற்ற கம்பெனிகளும் சும்மா இருக்கவில்லை. செவ்ரோலெ, டாட்ஜ், பிளிமத், ஃபோர்டு என்று எல்லோரும் களத்தில் குதித்தார்கள். 1970இல் ஜெனரல் மோட்டார்ஸே எஞ்சின் அளவு மீதிருந்த தடையை எடுத்துவிட்டது. ஜி.டி.ஓ.வில் 455 கன அங்குல எஞ்சின்கூட வந்தது.

சிகரம் தொட்ட அதே வருடத்திலேயே சரிவும் வந்தது. 1970இல் 40,149. 1971இல் 10,532. 1972இல் 5,811. 1973இல் 4,806. ஏழே வருடத்தில் இருபதில் ஒரு பங்கு! என்ன நடந்தது?

பலரும் 1973 அக்டோபரில் வந்த எண்ணெய் நெருக்கடியைத்தான் காரணமாகச் சொல்வார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் மேலே உள்ள எண்களைப் பாருங்கள். எண்ணெய் நெருக்கடி வருவதற்குள் நோயாளி படுத்துவிட்டார்.

முதல் அடி இன்ஷூரன்ஸ். 25 வயதுக்குக் கீழே உள்ளவர் இப்படிப்பட்ட கார் ஓட்டினால் விபத்து நிச்சயம் என்று கம்பெனிகள் பிரீமியத்தை ஏற்றின. காருக்கான தவணையைக் கட்ட முடிந்தவனுக்கு இன்ஷூரன்ஸ் கட்ட முடியவில்லை. இரண்டாவது அடி சட்டம். 1970இல் வந்த தூய காற்றுச் சட்டம், காரின் நச்சுப் புகையை 90 சதவீதம் குறைக்கச் சொன்னது. புகையைச் சுத்தப்படுத்தும் கருவிக்கு ஈயம் ஆகாது. எனவே ஈயம் குறைந்த பெட்ரோலில் ஓடும்படி 1971இல் ஜெனரல் மோட்டார்ஸ் எல்லா எஞ்சின்களின் அழுத்த விகிதத்தையும் குறைத்தது. சக்தியும் குறைந்தது. மூன்றாவது, 1972இல் குதிரைத்திறனை அளக்கும் முறையே மாறியது. அதுவரை எஞ்சினை மட்டும் தனியே ஓட்டி அளந்தார்கள். இனி சைலன்சர், ஃபேன், ஆல்டர்னேட்டர் எல்லாம் மாட்டிய நிலையில் அளக்க வேண்டும். விளம்பரத்தில் போடும் எண் ஒரேயடியாகச் சுருங்கியது.

இவ்வளவும் ஆன பிறகுதான் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. 1974உடன் ஜி.டி.ஓ. முடிந்தது. 2004இல் அதே பெயரில் ஒரு கார் வந்து 2006இல் போனது. 2009இல் பான்டியாக் பிரிவையே மூடுவதாக ஜெனரல் மோட்டார்ஸ் அறிவித்தது.

மாட்டுக் கொட்டகைக்குப் போன கதை

சரி, விற்ற கார்களெல்லாம் எங்கே போயின?

1974இல் யாருக்கும் வேண்டாத பொருள் எது என்றால் பெட்ரோலைக் குடிக்கும் பழைய மசில் கார்தான். அடிமாட்டு விலைக்குக் கைமாறின. வாங்கிய பையன்கள் அதை ஓட்டு ஓட்டென்று ஓட்டினார்கள். எஞ்சின் போனால் கிடைத்த வேறு எஞ்சினை மாட்டினார்கள். மிச்சிகன் போன்ற மாநிலங்களில் இன்னொரு எதிரி உண்டு. பனிக்காலத்தில் சாலையில் பனி உருகுவதற்காக உப்பைக் கொட்டுவார்கள். டெட்ராய்ட் நகரத்துக்கு அடியிலேயே ஒரு பெரிய உப்புச் சுரங்கம் இருக்கிறது என்று படித்தபோது சிரிப்பு வந்தது. காரைச் செய்ததும் அந்த ஊர், அதைத் தின்னும் உப்பும் அந்த ஊர்! கதவுக்குக் கீழ்ப்பகுதி, டிக்கியின் தரை, அடிச்சட்டம் என்று எல்லாம் அரித்தது. கடைசியில் பண்ணைக் கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் போய்ச் சேர்ந்தன.

பிறகு காலம் சுழன்றது. 1964இல் 18 வயதில் ஏக்கத்தோடு பார்த்தவனுக்கு 1990இல் வயது 44. வீட்டுக் கடன் அடைந்துவிட்டது. அன்று கைக்கு எட்டாததை இப்போது வாங்கலாம். விலை ஏற ஆரம்பித்தது. ஏலக் கம்பெனிகள் வந்தன, தொலைக்காட்சியில் காட்டினார்கள். 2014இல் ஒரு 1971 பிளிமத் 'ஹெமி குடா' 35 லட்சம் டாலருக்குப் போனது.

அண்ணன் மாதிரி ஆட்களுக்கு ஆசை வருவது இந்த மாதிரிச் செய்தியால்தான். ஆனால் ஏலத்தில் ஜெயித்த ஒரு காரை வைத்து எல்லாக் காரையும் கணக்கிடுவது, ஒரு லாட்டரிப் பரிசை வைத்து எல்லா டிக்கெட்டையும் கணக்கிடுவது போல.

237ம் 242ம்

இப்போது அண்ணன் கார்.

விற்பவர் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு முதியவர். 1981இல் அந்தக் காரை ஜி.டி.ஓ. என்று சொல்லி வாங்கினாராம். கொஞ்ச காலம் ஓட்டிவிட்டு, என்றாவது சரிசெய்யலாம் என்று கொட்டகையில் விட்டுவிட்டார். அந்த 'என்றாவது' வரவே இல்லை. பானெட்டில் காற்றுத் துவாரம், ஜி.டி.ஓ. சின்னம், கறுப்பு கிரில் எல்லாம் இருக்கிறது. உள்ளே 389 எஞ்சினும் இருக்கிறது. வேறென்ன வேண்டும்?

மேலே ஒரு வாக்கியத்தை ஞாபகம் வைக்கச் சொன்னேன் அல்லவா? ஒரு எஞ்சினை இறக்கிவிட்டு மற்றதை உட்கார வைத்துவிடலாம். 1963இல் பொறியாளர்களுக்கு எது சுலபமாக இருந்ததோ அது பின்னால் வந்த எந்த மெக்கானிக்குக்கும் சுலபம்தானே! சின்னமும் கிரில்லும் புதிதாகவே செய்து விற்கிறார்கள். ஒரு சாதாரண லெமான்ஸை ஒரு வாரத்தில் ஜி.டி.ஓ. ஆக்கிவிடலாம்.

கார் நம்பரைப் பார்த்தால் தெரியாதா என்று கேட்டேன். அங்கேதான் சிக்கல். 1966 முதல் ஜி.டி.ஓ. தனி மாடல் என்பதால் அதன் அடையாள எண் 242 என்று தொடங்கும். ஆனால் 1965 கார் லெமான்ஸின் 'கூடுதல் வசதி' அல்லவா? எனவே ஜி.டி.ஓ.வோ வெறும் லெமான்ஸோ, இரண்டுக்கும் எண் 237 என்றுதான் தொடங்கும். தலைமையை ஏமாற்ற 1963இல் எடுத்த குறுக்கு வழி, அறுபது வருடம் கழித்து ஒரு கொட்டகையில் வந்து நிற்கிறது.

எஞ்சினில் அடித்த இரண்டெழுத்துக் குறியைப் பார்க்கச் சொன்னேன். 1965 ஜி.டி.ஓ. எஞ்சின் என்றால் குறிப்பிட்ட நான்கு குறிகளில் ஒன்று இருக்க வேண்டும். அண்ணன் துருவைச் சுரண்டிப் பார்த்தான். இருந்தது வேறு குறி. பான்டியாக்கின் பெரிய கார்களிலும் 389தான் போட்டார்கள். அதிலிருந்து கழற்றியதாக இருக்கலாம். ஆனால் எஞ்சின் மாறியதால் மட்டும் கார் போலி என்று சொல்ல முடியாது. அசல் ஜி.டி.ஓ.க்களிலும் எஞ்சின் மாறியிருக்கும்.

மிச்சமிருந்தது ஒரே வழி. 1961 முதலான பான்டியாக் கார்களின் தொழிற்சாலைப் பதிவுகளை 'பான்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ்' என்ற அமைப்பு வைத்திருக்கிறது. அடையாள எண்ணையும் கட்டணத்தையும் அனுப்பினால் அந்தக் கார் என்னென்ன வசதிகளோடு, எந்த டீலருக்குப் போனது என்ற பில்லின் நகல் கிடைக்கும். வணிகவியல் மாணவனாக எனக்குப் புல்லரித்தது. பான்டியாக் கம்பெனி செத்துவிட்டது, காரைச் செய்தவர்கள் பெரும்பாலும் இல்லை. பில் மட்டும் உயிரோடு இருக்கிறது! வவுச்சரைப் பத்திரப்படுத்து என்று எங்கள் ஆசிரியர் ஏன் கத்துகிறார் என்று இப்போதுதான் புரிகிறது.

அண்ணன் எழுதிப்போட்டான். அந்த இடைவெளியில் நான் கணக்கைப் போட்டேன்.

பெரியம்மாவுக்காக ஒரு கணக்கு

கார் 18,000 டாலர். முழுதாகச் சரிசெய்வது என்றால் உடலை அடிச்சட்டத்திலிருந்து தூக்கி, ஒவ்வொரு ஆணியையும் கழற்றி, துருவை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்து, டிங்கரிங், பெயின்டிங், எஞ்சின், வயரிங், சீட், குரோம் வரை செய்வது. அண்ணன் விசாரித்த பட்டறைக்காரர், வேலை மட்டும் 1,000 மணி நேரத்துக்குக் குறையாது, மணிக்கு 100 டாலர் என்றாராம். சாமான் செலவு தனி. கூட்டிப் பாருங்கள், ஒரு லட்சத்து இருபதாயிரத்தைச் சுலபமாகத் தாண்டும்.

இதில் தெரியாத செலவுகளும் உண்டு. அந்த எஞ்சின் ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்தது. ஈயம்தான் வால்வு உட்காரும் இடம் தேயாமல் காத்தது. ஈயம் போன பிறகு கெட்டியான வால்வு சீட் போட வேண்டும். இன்றைய பெட்ரோலில் எத்தனால் கலப்பதால் பழைய ரப்பர் குழாய்கள் கெட்டுப்போகும். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். அவ்வளவு வேகமான காருக்கு அது போதாது என்று அந்தக் காலத்திலேயே குறை சொன்னார்கள். எனவே பிரேக்கையும் மாற்ற வேண்டும்.

சரிசெய்து முடித்த அசல் 1965 ஜி.டி.ஓ.க்கள் ஏலத்தில் 50,000 முதல் 70,000 டாலருக்குப் போனதாக அண்ணனே பட்டியல் எடுத்து வைத்திருந்தான். அதாவது கார் அசலாகவே இருந்தாலும் பாதிப் பணம் போச்சு. லெமான்ஸ் என்றால் அதைவிட மோசம். வேலையும் சாமானும் இரண்டுக்கும் ஒரே செலவு. விற்கும் விலையில்தான் வித்தியாசம்.

விலை ஏறாதா என்று அண்ணன் கேட்டான். ஏறியதற்குக் காரணம் 1946இல் பிறந்த கூட்டத்தின் ஏக்கம். அவர்களுக்கு இப்போது வயது எண்பதைத் தொடுகிறது. இனி அவர்கள் வாங்குவதைவிட விற்பதுதான் அதிகம். உன் வயதுக்காரர்கள் எத்தனை பேர் ஜி.டி.ஓ.வுக்காக ஏங்கினார்கள் என்று திருப்பிக் கேட்டேன். "நான் இருக்கேனே" என்றான்.

எதிர்க்கட்சி வாதமும் ஒன்று உண்டு, மறைக்கக் கூடாது. 1968இல் வந்த 'புல்லிட்' படத்தில் ஓடிய பச்சை மஸ்டாங்கை ஒரு குடும்பம் 1974இல் 6,000 டாலருக்கு வாங்கியது. வீட்டு அம்மா அதில்தான் பள்ளிக்கூட வேலைக்குப் போய் வந்தார். 1980இல் கிளட்ச் போய் நின்ற கார், பல வருடம் கழித்து ஓடும் நிலைக்கு வந்தது. ஆனால் பெயின்டையும் கீறலையும் தொடவே இல்லை. 2020 ஜனவரியில் ஏலத்தில் 34 லட்சம் டாலருக்குக் கேட்டார்கள், கமிஷன் தனி. இதிலிருந்து என்ன தெரிகிறது? அங்கே விலை கொடுத்தது பளபளப்புக்கு அல்ல, கதைக்கு. அந்தக் கதை உண்மைதான் என்று காட்ட ஆதாரமும் இருந்தது. நம் காரிடம் ஆதாரம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

காகிதம் வந்தது

வந்த பில்லில் இருந்தது இதுதான்: 1965 லெமான்ஸ், 326 கன அங்குல எஞ்சின். 296 டாலர் வசதித் தொகுப்பு அதில் இல்லை.

பொருளாதார வகுப்பில் ஜார்ஜ் ஆகர்லாஃப் பற்றிப் படித்திருப்பீர்கள். 1970இல், அதாவது மசில் கார்களின் கடைசி நல்ல வருடத்தில், பழைய கார் சந்தையை வைத்தே ஒரு கட்டுரை எழுதினார். விற்பவனுக்குக் காரின் குறை தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. அதனால் நல்ல காருக்கும் நல்ல விலை கிடைக்காமல் சந்தையே கெடும் என்றார். 2001இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பரீட்சையில் இந்தக் கேள்விக்கு நான் பத்துக்கு ஏழு வாங்கினேன்.

ஆனால் இங்கே நிலைமை தலைகீழ். உண்மை தெரிந்தவன் வாங்குபவன். விற்கும் பெரியவருக்கு எதுவும் தெரியாது. நாற்பது வருடத்துக்கும் மேலாக ஜி.டி.ஓ. என்றே நம்பிக்கொண்டிருக்கிறார். இதற்குப் பாடப்புத்தகத்தில் விடை இல்லை.

"பேசாம வேண்டாம்னு சொல்லிட்டு வந்துடு" என்றேன். அண்ணன் கேட்கவில்லை. "நாளைக்கு இன்னொருத்தன் வாங்கி ஏமாறுவான். இல்ல, இவர் மேல கேஸ் போடுவான். அவருக்குத் தெரியணும்டா" என்றான். காகிதத்தை எடுத்துக்கொண்டு போனான். பெரியவர் கண்ணாடியைப் போட்டு இரண்டு தடவை படித்தாராம். அப்புறம் காரின் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றாராம். தனக்கு விற்றவன் தெரிந்தே விற்றானா, அவனும் ஏமாந்தவனா என்று மட்டும் கேட்டாராம். அதற்கு அண்ணனிடம் பதில் இல்லை.

என் தீர்ப்பைக் கேட்டால், 18,000 டாலருக்கு அதை வாங்கக் கூடாது. முதலீடு என்று நினைத்து எந்த விலைக்கும் வாங்கக் கூடாது. ஓடாத பழைய காரை வாங்குகிறவர்கள் அந்தப் பணத்தைச் செலவுக் கணக்கில் எழுத வேண்டும், சொத்துக் கணக்கில் எழுதக் கூடாது. அப்படி எழுதியும் மனசு ஒப்பினால் வாங்கலாம். ஆனால் முதலில் காகிதம், பிறகு அடிச்சட்டம், பிறகு எஞ்சின், கடைசியில்தான் பெயின்ட். பார்ப்பதற்கு இதுதான் வரிசை. ஆசை எப்போதும் பெயின்டிலிருந்து தொடங்குகிறது.

பெரியம்மாவிடம் "அண்ணன் வாங்கல" என்று சொல்லிவிட்டேன். மாடி வேலை அடுத்த மாதம் தொடங்குகிறது.

ஆனால் நேற்று அண்ணன் போன் செய்தான். பெரியவர் கூப்பிட்டாராம். லெமான்ஸ் விலைக்கே, 5,000 டாலருக்குத் தருகிறேன், ஒரே ஒரு நிபந்தனை, அந்த ஜி.டி.ஓ. சின்னங்களைக் கழற்றிவிட்டுத்தான் ஓட்ட வேண்டும் என்றாராம். "பட்டறைக்கு விடாம நானே வார இறுதியில பார்த்துக்கறேன், பத்து வருஷம் ஆனாலும் பரவாயில்ல" என்கிறான்.

பெரியம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. நீங்களும் சொல்லிவிடாதீர்கள்!